மெதுவானதெல்லாம் முன்னுக்கு, வேகமானதெல்லாம் பின்னுக்கு

முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். என் கை ஊசிக்குப் பழகியது, பேனைக்குப் பழகவில்லை. ஒரு வரி எழுதினால் அடுத்த வரி அதன் காலை மிதிக்கிறது. மறதியும் கூடிவிட்டது. போன கிழமை இந்தப் பத்திரிகையில் என் சின்னம்மாவின் பெயரையே மாற்றி எழுதிவிட்டேனாம். அவருடைய மகன் பாலையூற்றுச் சந்தியில் சைக்கிளை நிறுத்தி, சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த முறை எழுதுவது பழங்கதை இல்லை. அண்மையில் நடந்தது. அதனால் பிழை விடமாட்டேன் என்று நினைக்கிறேன். ஆனாலும் பாருங்கள்.

ஒரு சனிக்கிழமை பின்னேரம். பரமேஸ்வரி ரீச்சர் வீட்டு முன்னறையில் நாலு பேர் இருக்கிறோம். துறைமுகப் பக்கத்துக் காற்று திரைச்சீலையைத் தூக்கித் தூக்கிப் போடுகிறது. கேற்றுக்கு வெளியே ஒரு மான் கழுத்தை நீட்டி ரீச்சரின் செவ்வரத்தம்பூக் கொப்பை இழுத்துக்கொண்டிருக்கிறது. மற்ற நாளென்றால் ரீச்சர் செருப்பைக் கழற்றி எறிந்திருப்பார். அன்றைக்கு அவர் திரும்பியும் பார்க்கவில்லை. உள்ளே சண்டை, போன சனிக்கிழமை கேட்ட வயலினைப் பற்றி.

"ரீச்சர், நான் சொல்றனெண்டு கோவிக்க வேணாம்," என்றார் காசிம் நானா. "அந்தப் புள்ள வாசிக்கல்ல, ஓடுது. பின்னால ஆரோ பொல்லோட வாறாங்க, இது உசிரக் கையில புடிச்சிக்கிட்டு ஓடுது."

"ஓடுதோ? என்ன நானா கதைக்கிறீங்கள்? ஒரு அடி எடுத்து வைக்கவே அது பத்துத் தரம் யோசிக்குது. செத்த வீட்டுக்குப் போற நடை. எனக்கு நித்திரை வந்திட்டுது."

"நித்திரையா! அந்தச் சத்தத்திலயா!"

"நானா சொல்றதுதான் சரி ரீச்சர்," என்று இடையில் புகுந்தார் செபஸ்தியான். "சரியான ஓட்டம்."

"நீங்கள் கதையாதேங்கோ. நீங்கள் விட்ட குறட்டைதான் எனக்கு வயலினுக்கு மேலாலை கேட்டது."

நான் குசினி வாசலில் தட்டோடு நிற்கிறேன். தட்டில் நாலு கோப்பைத் தேத்தண்ணி, ஆடை கட்டத் தொடங்கிவிட்டது. அவர்கள் கிழித்துத் தோரணம் கட்டிக்கொண்டிருந்த அந்தப் பிள்ளை என் மகள். அது அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

சொன்னால்தான் தேத்தண்ணி

இந்தச் சனிக்கிழமைக் கூட்டம் எப்படித் தொடங்கியது என்று சொல்லவேண்டும்.

பரமேஸ்வரி ரீச்சர் பள்ளிக்கூடத்தில் சங்கீதம் படிப்பித்து ஓய்வெடுத்தவர். பிள்ளைகள் எல்லாரும் வெளிநாட்டில். அவருக்குச் சட்டை தைத்துக் கொடுக்கிறவள் நான். ஒரு நாள் சட்டை கொண்டுபோன நேரம் அவர் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். "நில், லூசியா, இது முடியட்டும்," என்றார். நின்றேன். அதற்குப் பிறகு சட்டை இல்லாத சனிக்கிழமையும் போகத் தொடங்கினேன்.

செபஸ்தியான் என் புருசனின் தம்பி. தச்சு வேலை. நாங்கள் போர்த்துக்கீசர் வழி வந்த பறங்கி ஆட்கள். எங்கள் ஆட்களின் கலியாணத்துக்கு வயலின் இல்லாமல் முடியாது. என் புருசன் இருந்தவரைக்கும் அவர்தான் வாசித்தார், இப்போது செபஸ்தியான். எங்கள் வயலின் ஆட வைக்கிற வயலின். கால் அசையவில்லையென்றால் வாசிக்கிறவனுக்குச் சாப்பாடு ருசிக்காது. ஒரு முறை என் புருசன் மாப்பிள்ளையின் தகப்பனை ஆட வைத்தே தீருவேன் என்று நின்று, அந்த மனிசன் கதிரையோடு சேர்ந்து விழுந்து, கதிரைக் கால் முறிந்தது. அடுத்த நாள் அதைத் திருத்திக் கொடுத்ததும் செபஸ்தியான்தான்.

காசிம் நானா கிண்ணியாக்காரர், நானா என்றால் அவர்கள் பேச்சில் அண்ணன். துறைமுகத்தில் கப்பல் இழுக்கிற படகில் இஞ்சின் பார்த்தவர். சங்கீதம் படித்ததில்லை. ஆனால் முப்பது வருசம் இஞ்சின் சத்தத்தில் இருந்தவருக்கு எந்தச் சத்தத்திலும் எங்கே குறை என்று தெரியும். ஒரு தரம் ஒரு பெரிய வித்துவானின் கச்சேரியைக் கேட்டுவிட்டு, "மேளக்காரருக்கும் இவருக்கும் நடுவுல பெல்ட் லூசாகிட்டு," என்றார். ரீச்சர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். உண்மையும் அதுதானாம்.

கூட்டத்துக்கு ஒரு சட்டம் உண்டு. கேட்டு முடிந்ததும் ஒவ்வொருவரும் தன் எண்ணத்தைச் சொல்லவேண்டும். எல்லாரும் சொன்ன பிறகுதான் தேத்தண்ணி. தேத்தண்ணி போடுகிறவள் நான். என் முறை கடைசி. நான் "நல்லாயிருக்கு" என்பேன். "லூசியா சொல்லியாச்சு, கொண்டாங்கோ," என்பார் ரீச்சர். இப்படியே இரண்டு வருசத்துக்கு மேலே போய்விட்டது.

எனக்கு எண்ணம் இல்லையென்று இல்லை. வாய்க்குள் வரும், பல்லுக்குப் பின்னால் நின்றுவிடும். பிறந்ததிலிருந்து அப்படித்தான். பெண் பார்க்க வந்தபோதும் நான் கதவுக்குப் பின்னால் நின்றே "ஓம்" சொன்னவள்.

நோர்வேயிலிருந்து வந்த தட்டு

என் மகள் மெர்சி பதினொரு வயதில், யுத்தப் பிரச்சினைக் காலத்தில், மாமியோடு நோர்வேக்குப் போனாள். போகும்போது தகப்பனிடம் பழகிய நாலு ஆட்ட மெட்டு கையில் இருந்தது. அங்கே பள்ளிக்கூடத்தில் வயலினை முறையாகப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். இப்போது அதுதான் அவளுடைய தொழில்.

பதினைந்து வயதில் ஒரு நாள் போனில் எனக்கு வாசித்துக் காட்டினாள். அந்தக் காலத்தில் வீட்டில் போன் ஏது? கடைத்தெருவில் கொமினிகேசன் கடைக்குப் போய் வரிசையில் நின்று பேசவேண்டும். கண்ணாடிக் கூட்டுக்குள் நான், வெளியே ஏழெட்டுப் பேர். அவள் வாசித்து முடித்து மூச்சு வாங்கிக்கொண்டு, "எப்பிடி அம்மா?" என்றாள். எனக்கு நெஞ்சு முட்டச் சொல்ல இருந்தது. வெளியே நின்றவர் கண்ணாடியில் தட்டினார். "நல்லாயிருக்கு" என்றேன். "சாப்பிட்டியா?" என்றேன். வைத்துவிட்டேன்.

பிறகு வீட்டுக்குப் போன் வந்தது, கையில் கொண்டு திரிகிற போன் வந்தது, முகம் பார்த்துப் பேசுகிற போனும் வந்தது. நான் மட்டும் அந்தக் கூட்டுக்குள்ளேயே நின்றேன். அவள் எதை அனுப்பினாலும் "நல்லாயிருக்கு."

அவள் இந்த முறை அனுப்பியது ஒரு இசைத்தட்டு. முந்நூறு வருசத்துக்கு முந்திய வெள்ளைக்காரர்களின் இசையாம். பரோக் என்று பெயர் சொன்னாள். கொன்செர்ட்டோவோ என்னவோ, ஒரு வயலின் முன்னுக்கு நின்று பேசும், மற்ற வாத்தியங்கள் பின்னுக்கு நின்று பதில் சொல்லும். முன்னுக்கு நின்று பேசுவது மெர்சி. அவள் முன்னுக்கு நின்று செய்த முதல் தட்டு அது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்திருந்தபோது கூப்பிட்டாள்.

"அம்மா, இஞ்ச பேப்பரிலை எழுதுறவை எழுதட்டும். அங்க ரீச்சர் வீட்டிலை கேக்கிறவை என்ன சொல்லினமெண்டு எனக்குத் தெரியவேணும். ஆரெண்டு சொல்லாமல் போட்டுக் காட்டுங்கோ. சொன்னதை ஒரு சொல்லும் விடாமல் சொல்லுங்கோ."

"சரி பிள்ளை."

"கடைசியா நீங்களும் சொல்லவேணும். நல்லாயிருக்கு எண்டு சொன்னீங்களெண்டால் இனி ஒண்டும் அனுப்பமாட்டன். பகிடிக்குச் சொல்லேல்லை."

அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

"வழமையான மாதிரியோ?"

தட்டு வந்ததே தவிர, அதைப் போட ரீச்சர் வீட்டில் மெசின் இல்லை. அவரிடம் இருப்பது மகன் விட்டுப்போன ஒலிபெருக்கிப் பெட்டி. அதில் விரலளவு பென் டிரைவைத்தான் செருகலாம்.

ஆகவே பட்டணத்தில் ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிற கடைக்குப் போனேன். கலியாண வீடு, பூப்புனித நீராட்டு, திருவிழா எல்லாவற்றுக்கும் பாட்டு ஏற்றிக் கொடுக்கிறவர் அந்தக் கடைக்காரர். பெரிய மீசையும் மெல்லிய குரலுமாக இருப்பார். தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வழமையான மாதிரியோ அன்ரி?"

வழமையான மாதிரி என்றால் என்ன மாதிரி என்று நான் கேட்டிருக்கவேண்டும். பக்கத்தில் இரண்டு ஆண்கள் நின்றார்கள். "ஓம்" என்றேன். அவ்வளவுதான் நான் செய்த பிழை.

ரீச்சர் கேட்ட முற்பாதி

சண்டைக்கு முந்திய சனிக்கிழமை ரீச்சரும் செபஸ்தியானும் நானும் இருந்தோம். காசிம் நானாவைக் காணவில்லை. கிண்ணியாப் பாலத்தடியில் பஸ்ஸுக்கு டயர் போய்விட்டதென்று போன் எடுத்தார். "நீங்க தொடங்குங்க, நான் நடுவுல ஏறிக்கிறன்," என்றார்.

தொடங்கினோம். முதல் துண்டு மெதுவானது. வயலின் தனியாக, தண்ணீர்ப் பானை தூக்கி வருகிறவள் மாதிரி, ஒரு துளியும் சிந்தாமல் வந்தது. அடுத்ததும் மெதுவானது. அடுத்ததும். அதற்கடுத்ததும். செபஸ்தியான் காலையிலிருந்து ஒரு அலுமாரிக்குக் கதவு பூட்டிவிட்டு வந்தவர். மூன்றாவதிலேயே தலை தொங்கிவிட்டது. ரீச்சர் சுருதிப்பெட்டியைக் கொண்டுவந்து பிடித்துப் பார்த்தார், நெற்றியைச் சுருக்கினார், திரும்ப வைத்தார்.

நான் கதிரை நுனியில் இருந்தேன். கைகள் இரண்டையும் மடிக்குள் பூட்டி வைத்திருந்தேன்.

அரைவாசியில் காசிம் நானா வியர்வையோடு வந்து சேர்ந்தார். சனிக்கிழமையில் ரீச்சர் கோயிலுக்கு எள்ளெண்ணெய் விளக்கு வைக்கப் போகவேண்டும். "மிச்சத்தை நீங்கள் கேளுங்கோ, எண்ணத்தை அடுத்த கிழமை ஒண்டாச் சொல்லுவம்," என்று சாவியை என்னிடம் தந்துவிட்டுப் போனார்.

பிற்பாதி தொடங்கியது. ஒரே பாய்ச்சல். செபஸ்தியான் திடுக்கிட்டு விழித்து, "என்ன, கலியாணப் பொம்பிளை வந்திட்டுதோ?" என்றார். பிறகு கடைசிவரை ஒரு மெதுவான துண்டும் இல்லை. எல்லாம் ஓட்டம், எல்லாம் குதிப்பு. நடுவில் பியானோ மாதிரி ஒரு பெட்டி கிண்கிணுத்துக்கொண்டே வந்தது. "கரண்டி வைக்கிற மேசை லாச்சிய ஆரோ ஆட்டுறாங்க," என்றார் காசிம் நானா.

இப்போது உங்களுக்கு விளங்கியிருக்கும். ரீச்சர் கேட்டது முற்பாதி. காசிம் நானாவும் விழித்த செபஸ்தியானும் கேட்டது பிற்பாதி. முழுவதையும் கேட்டது நான் ஒருத்தி. அப்படித்தான் அந்தத் தட்டு இருக்கும் என்று நானும் நம்பினேன். கலியாண வீட்டிலும் முதலில் சாப்பாடு, பிறகுதானே ஆட்டம்?

அடுத்த சனிக்கிழமைச் சண்டையின் தொடக்கத்தை மேலே எழுதிவிட்டேன். அதன் முடிவு இப்படி. சுருதி அரைக்கட்டை இறங்கியிருக்கிறது என்றார் ரீச்சர். பெட்டிக்குக் கரண்ட் காணாது என்றார் செபஸ்தியான். உயிரில்லாத வாசிப்பு என்றார் ரீச்சர். உயிர் கூடிப்போய்ச்சு, கொஞ்சம் பிரேக் வேணும் என்றார் காசிம் நானா.

"நாப்பது வருசம் சங்கீதம் படிப்பிச்சனான், நானா. மெதுவெது வேகமெதெண்டு இஞ்சின் பாத்தவர் எனக்குச் சொல்லித் தர வேண்டாம்."

காசிம் நானா எழும்பினார். தொப்பியைச் சரிசெய்தார். "அதுவும் சரிதான்," என்று சொல்லிவிட்டு, தேத்தண்ணி குடிக்காமலே போனார். அடுத்த சனிக்கிழமை வரவில்லை. செபஸ்தியானும் வேலை என்று சாட்டுச் சொன்னார்.

ரீச்சரும் நானும் மட்டும் இருந்தோம். ரீச்சர் பெட்டியைப் போடவில்லை. ஒரு சட்டையின் கைநீளத்தைப் பற்றிக் கதைத்தோம்.

போனில் ஒப்புவித்தேன்

ஞாயிறு வந்தது. மெர்சியும் போனில் வந்தாள்.

வீட்டில் யாரும் இல்லை. ஆனாலும் கதவைச் சாத்திவிட்டு இருந்தேன். ஒரு சொல்லும் விடாமல் சொல்லச் சொன்னவள் அல்லவா? சொன்னேன். செத்த வீடு, பொல்லோடு துரத்துவது, கரண்டி லாச்சி, அரைக்கட்டை சுருதி, எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். சொல்லச் சொல்ல அவள் முகம் ஒரு மாதிரிப் போனது.

"சுருதி இறங்கினதெண்டு சொன்னது ஆர்?"

"ரீச்சர்."

"அவவுக்கு நல்ல காது அம்மா. அந்தக் காலத்திலை அப்பிடித்தான் சுருதி கட்டினவை. நாங்கள் வேணுமெண்டுதான் இறக்கினது." கொஞ்சம் சிரித்தாள். பிறகு, "ஆனால் செத்த வீடெண்டும் ஓட்டமெண்டும் ரெண்டையும் எப்பிடிச் சொல்லுவினம்? ஒரே தட்டு."

"முதல் பாதி முழுக்க மெதுவாத்தானே பிள்ளை வந்தது."

"என்ன?"

"மெதுவானதெல்லாம் முன்னுக்கு. வேகமானதெல்லாம் பின்னுக்கு."

அவள் வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தாள். "அம்மா, ஒவ்வொண்டுக்கும் மூண்டு துண்டு. வேகம், மெது, வேகம். நடுவிலைதான் மெது வரும். ஆர் இதைப் பிரிச்சு அடுக்கினது?"

திங்கட்கிழமை கடைக்குப் போனேன். கடைக்காரர் பெருமையோடு சொன்னார்.

"வழமையான மாதிரித்தானே அன்ரி கேட்டனீங்கள்? கலியாண வீட்டுக்கு அப்பிடித்தான் அடுக்கிறது. ஆக்கள் சாப்பிடேக்கை மெதுவானது. சாப்பிட்டு முடிய ஆட்டத்துக்கு வேகமானது. சாப்பிடுற நேரம் குத்துப்பாட்டுப் போட்டால் பெரியாக்கள் ஏசுவினம். இதிலை பாட்டே இல்லை, வாத்தியம் மட்டும். ஒவ்வொண்டாக் கேட்டுக் கேட்டுத்தான் பிரிச்சனான். ரெண்டு மணித்தியாலம் எடுத்தது."

அவரிடம் எப்படிக் கோபப்படுவது? அந்தத் தட்டை என்னைத் தவிர முழுக்கக் கேட்ட இன்னொருவர் அவர்தான். "எப்பிடி இருந்தது தம்பி?" என்று கேட்டேன். கேட்டது நான்தானா என்று எனக்கே ஆச்சரியம்.

"சாப்பாட்டுப் பக்கம் நல்லம் அன்ரி," என்றார்.

தட்டில் உள்ள ஒழுங்கிலேயே திரும்ப ஏற்றித் தந்தார்.

நடுவில் நின்று தண்ணீர் குடித்தது

காசிம் நானாவைக் கூப்பிடவேண்டும். ரீச்சர் கூப்பிடமாட்டார். செபஸ்தியானைக் கேட்டால் "நீங்களே எடுங்கோ மச்சாள்" என்றார். ஒரு ஆம்பிளைக்கு நானாகப் போன் எடுத்தது அதுதான் முதல் தரம்.

"நானா, பிழை என்னிலை. பாட்டைப் பிழையா அடுக்கிப்போட்டினம், நான் கேக்காமல் வாங்கியந்திட்டன். நீங்களும் சரி, ரீச்சரும் சரி. சனிக்கிழமை வாங்கோ."

"தங்கச்சி, நீங்க இவ்வளவு நீளமாக் கதைப்பீங்களா?" என்றார். வந்தார். வரும்போது கிண்ணியாவிலிருந்து ஒரு போத்தல் தயிரும் கொண்டுவந்து ரீச்சரின் மேசையில் வைத்தார். ரீச்சர் அதைப் பார்த்துவிட்டு, "இருங்கோ நானா," என்று மின்விசிறிக்குக் கீழே உள்ள கதிரையைக் காட்டினார். சமாதானம் அவ்வளவுதான்.

கேட்டோம். வேகம், மெது, வேகம். ரீச்சர் கோயிலுக்குப் போகவில்லை. விளக்குக்கு எண்ணெயைப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொடுத்தனுப்பிவிட்டார். செபஸ்தியான் நித்திரை வராதிருக்க நின்றுகொண்டே கேட்டார்.

முடிந்ததும் ரீச்சர் தொடங்கினார். "முந்திச் சொன்னதிலை பாதியைத் திருப்பி எடுக்கிறன். ரெண்டு ஓட்டத்துக்கு நடுவிலை வரேக்கை அந்த மெது, மெது இல்லை. மூச்சு. ஆனால் குரல் நேராப் போகுது, ஒரு வளைவு குழைவு இல்லை. அது எனக்குப் பிடிக்காது. அதை மாத்தமாட்டன்."

"எனக்கு இப்பயும் ஓடுதுதான்," என்றார் காசிம் நானா. "ஆனா நடுவுல நிண்டு தண்ணி குடிக்குது. பறவாயில்ல. இஞ்சின் நல்ல இஞ்சின்."

"வில்லைக் கட்டையாப் பிடிச்சு வாசிக்கிறா," என்றார் செபஸ்தியான். "இழுப்புக் குறைவு, கொத்துக் கூட. எங்கட அண்ணன் அப்பிடித்தான் ஆட்டத்துக்குக் கொத்துவார்." சொல்லிவிட்டு நின்றார். என்னைப் பார்த்தார். திரும்பவும் பெட்டியைப் பார்த்தார். "மச்சாள், இது ஆர் வாசிக்கிறது?"

நான் தேத்தண்ணித் தட்டை எடுக்கப் போவது போலக் குனிந்தேன்.

"மச்சாள்!"

"மெர்சி," என்றேன்.

முதலில் வாய் திறந்தவர் காசிம் நானா. "நான் ஓடுது எண்டு சொன்னது, நல்லா ஓடுது எண்டுதான் சொன்னன். கேட்டீங்கதானே ரீச்சர்?"

"நீங்கள் பொல்லெண்டு சொன்னனீங்கள், நானா."

"பொல்லு வேற ஆக்களுக்கு."

ரீச்சர் எழும்பி வந்து என் கையைப் பிடித்தார். "லூசியா, உன்ரை மகளெண்டதுக்காக நான் மாத்தமாட்டன். குழைவு இல்லை. அவளுக்குச் சொல்லு." அவர் கண் கலங்கியிருந்தது. கை மட்டும் இரும்பு மாதிரி. "இப்ப நீ சொல்லு."

"நல்லாயிருக்கு," என்று வந்துவிட்டது வாயில்.

"அப்ப உனக்குத் தேத்தண்ணி இல்லை."

மற்ற இருவரும் சிரித்தார்கள். ரீச்சர் சிரிக்கவில்லை. நான் அடுப்பில் இருந்த தண்ணீரைப் பற்றி யோசித்தேன். பிறகு சொன்னேன். "என்னட்டை ஒண்டு இருக்கு ரீச்சர். முதல் அவளுக்குத்தான் சொல்லவேணும்."

அன்றைக்கு மூன்று கோப்பைதான் ஊற்றினேன்.

மூன்று பேர் சொன்னது போக

ஞாயிற்றுக்கிழமை அவள் கூப்பிடும்வரை காத்திருக்கவில்லை. நானே எடுத்தேன். அங்கே விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்ததாம். மெர்சி தலைமயிரை அள்ளிக் கட்டிக்கொண்டே, "என்னம்மா, சுகமில்லையோ?" என்றாள்.

"அது மெதுவானதிலை ஒரு இடம்," என்றேன்.

"எது மெதுவானது?"

"பாட்டுத்தான். மற்றெல்லாம் ஓய்ஞ்சு போய் நீ மட்டும் மேலை ஒரு குரலைப் பிடிக்கிறாய். தனிய. அதை நீ முழுசாப் பிடிக்கேல்லை. பிடிச்ச கையோடை விட்டிட்டாய். எல்லாரும் என்னைப் பாக்கினமெண்டு கதவுக்குப் பின்னாலை ஓடினமாதிரி இருக்கு. அப்பிடி ஓடுறது ஆர் பழக்கமெண்டு எனக்குத் தெரியும். நீ அதைச் செய்யவேண்டாம். அவ்வளவுதான். மற்றதெல்லாம்..." என்று நிறுத்தினேன். "மற்றதெல்லாத்தையும் பற்றியும் சொல்லலாம்."

நான் அவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். சொல்லி முடித்ததும் போனை மேசையில் கவிழ்த்து வைக்கலாமா என்று நினைத்தேன்.

மெர்சி எழும்பிப் போனாள். போனில் ஒரு வெறும் சுவரும் ஒரு யன்னலும் தெரிந்தன. கோபித்துவிட்டாள் என்று நினைத்தேன். திரும்பி வந்தபோது கையில் வயலின்.

"இதோ?" என்று வாசித்தாள்.

"ஓம், இதுதான். பார், திரும்பவும் விட்டிட்டாய்."

"அம்மா, அது அப்பிடித்தான் எழுதியிருக்கு. அதுக்கு மேலை பிடிக்கேலாது."

"எழுதினவர் ஒரு ஆளை அளவெடுத்து எழுதியிருப்பார். சட்டையெண்டாலும் அளவை விட அரை அங்குலம் கூட விட்டுத்தான் வெட்டுறது."

"சட்டையோ! இது சட்டையோ அம்மா?" என்று கத்தினாள். என் மகள் என்னைப் பார்த்துக் கத்தினாள். பதினொரு வயதுக்குப் பிறகு அதுதான் முதல் தரம். நானும் சத்தம் போட்டேன். அவள் வாசித்தாள், நான் காணாது என்றேன். இன்னொரு முறை வாசித்தாள், கூடிப்போய்ச்சு என்றேன். கோழி ஒன்று உள்ளே வந்து என் காலைச் சுற்றிவிட்டுப் போனது. பகல் சமையலுக்கு அரிசி போட மறந்துவிட்டேன். கடைசியில் ஒரு தரம் அவள் அந்தக் குரலைப் பிடித்து, பிடித்து, பிடித்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். தலையை மட்டும் ஆட்டினேன்.

"உங்களுக்குப் பெரிய கதை வந்திட்டுது," என்றாள் வில்லை இறக்கிவிட்டு. மூக்கை உறிஞ்சினாள். "அடுத்ததையும் அனுப்புறன். ரீச்சருக்கு முந்தி நீங்கள் கேக்கவேணும்."

இந்தச் சண்டையில் ஒன்று மட்டும் இன்னும் தீரவில்லை. அந்த இடம் மூன்றாவது கொன்செர்ட்டோவில் வருகிறது என்று நான் சொல்கிறேன். இல்லை, இரண்டாவதில்தான் என்று அவள் அடித்துச் சொல்கிறாள். வாசித்தவள் அவள்தான், ஆனாலும் கேட்டவள் நான். நான் முதலில் கேட்டது பிழையான ஒழுங்கில், அதுவும் உண்மை. என் எண்ணிக்கையை நம்பமுடியாது என்று செபஸ்தியானும் சொல்கிறார். பத்திரிகை ஆசிரியர் தம்பியிடம் தட்டின் ஒரு பிரதி கொடுத்திருக்கிறேன். அவரோ, காதுள்ள வேறு யாரோ, தயவுசெய்து ஒரு முறை முழுக்கக் கேட்டு, எத்தனையாவது என்று சொல்லுங்கள். இரண்டாவதாக இருந்தால் மெர்சிக்குச் சொல்லவேண்டாம், எனக்கு மட்டும் சொல்லுங்கள்.